கண்ணனின் முழங்காலில் பூத்த பச்சை

கும்பகோணம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். தவழும் பித்தளைக் கண்ணன் விக்கிரகத்தின் முழங்காலுக்கு அடியிலும், வெண்ணெய் உருண்டையை ஏந்திய விரல்களின் இடுக்கிலும் பச்சையாகப் படிந்திருப்பது களிம்புதான். அது தெய்வக் குற்றமும் அன்று, அபசகுனமும் அன்று. நீ கலங்க வேண்டாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். ஈரமும் உப்பும் புளிப்பும் அதன் மேல் நெடுநேரம் தங்கினால் செம்பு பச்சை பூக்கும். ஏகாதசியன்று பாலும் பஞ்சாமிர்தமும் அபிஷேகம் செய்ததாகச் சொன்னாய் அல்லவா, அதில் ஒரு துளி அந்த இடுக்கில் நின்றிருக்க வேண்டும்.

எலுமிச்சம்பழத்தை உப்பில் தொட்டுத் தேய்த்துவிடாதே. குடத்துக்கும் தாம்பாளத்துக்கும் செய்வதை விக்கிரகத்துக்குச் செய்யலாகாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நீ ஏழாம் வகுப்பு படித்த ஆண்டு, கோகுலாஷ்டமிக்கு முந்தின நாள், சீடை உருட்டும் அவசரத்தில் கண்ணனைப் புளிக் கரைசலில் போட்டுவிட்டு மறந்துபோனேன். இரவு எடுத்தபோது பொன்னிறம் போய், கன்னத்திலும் முதுகிலும் செந்நிறத் திட்டுகள் இருந்தன. புளிப்பில் ஊறினால் மேற்பரப்பிலுள்ள துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சும். வலக் கன்னத்தில் அந்தத் திட்டு இன்றும் மங்கலாகத் தெரியும், பார்.

இப்போது செய்ய வேண்டியது இது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியால் துடை. இடுக்குகளுக்கு மரக்குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றிக்கொள். களிம்பு விடவில்லையென்றால் மட்டும், நீர்த்த புளித்தண்ணீரை அந்த இடத்தில் மட்டும் தொட்டு, ஒரு நிமிடத்துக்குள் நல்ல தண்ணீரில் கழுவிவிடு. கம்பி நார், பாத்திரம் தேய்க்கும் பொடி, எதுவும் வேண்டாம். பிறகு ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும்; உண்மையான பராமரிப்பு இதில்தான் இருக்கிறது. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சென்ற முறை உன் பெட்டியில் வைத்தேனே, அதைவிட நல்ல துணி கிடையாது. தலைகீழாகச் சாய்த்துப் பீடத்தின் உட்குழிவையும் துடை. தண்ணீர் அங்கேதான் ஒளிந்திருக்கும். கடைசியாகத் தேங்காயெண்ணெய் ஒரு துளியைத் துணியில் தடவி மேலோட்டமாகத் துடைத்து, மிச்சத்தை ஒற்றி எடுத்துவிடு. எண்ணெய் தங்கினால் தூசி ஒட்டும்.

முகத்தை ஒருநாளும் அழுத்தித் தேய்க்காதே. பல நூற்றாண்டுகள் அபிஷேகம் கண்ட உற்சவமூர்த்திகள் சிலவற்றின் கண்ணும் மூக்கும் மழுங்கியிருப்பதைக் கோயில்களில் நீயே பார்த்திருப்பாய். உலோகமும் தேயும், கண்ணே. பளபளப்பு சற்றுக் குறைந்தாலும் அந்தச் சிரிப்பு இருக்கட்டும்.

உன்னிடமுள்ள சுவாமிமலை நடராஜரோ பஞ்சலோகம். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, அச்சை உடைத்து எடுத்த மூர்த்தி அது. அதே அச்சில் இன்னொன்று பிறக்காது. அதன் கருமையை அழுக்கென்று எண்ணிப் புளி போட்டுவிடாதே. உலர்ந்த துணியே போதும். தூக்கும்போது, சுற்றியுள்ள சுடர் வளையமான திருவாசியையோ வீசிய கரத்தையோ பிடிக்காமல், இரு கைகளாலும் பீடத்தைத் தாங்கு.

தினமும் அபிஷேகம் வேண்டாம். துளசியும் பூவும் போதும், அவற்றையும் வாடுமுன் எடுத்துவிடு. வெண்ணெயை அவன் கையில் அப்பாமல், கிண்ணத்தில் வைத்து நைவேத்தியம் செய்.

துடைத்து முடித்ததும் முழங்காலடி தெரியும்படி ஒரு படம் அனுப்பு. பத்து நாள் கழித்தும் அதே இடத்தில் பச்சை மாவுபோல் உதிர்ந்தால் உடனே சொல். அப்படியானால் உப்பு உள்ளே இறங்கியிருக்கும், அதை நீ சுரண்டக் கூடாது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது கண்ணனைக் கையோடு எடுத்து வா, இங்குள்ள ஸ்தபதியிடம் காட்டுவோம்.

அன்புடன்,
அம்மா