வீட்டில் ஆள் இருக்கும்போது வீடு பார்க்க வருகிறவர்களுக்கு

மும்பையில் செம்பூர், திலக் நகர், குர்லா பக்கத்துப் புரோக்கர்களுக்கும், அவர்கள் பின்னால் படியேறி வரும் பார்ட்டிகளுக்கும் வணக்கம்.

எங்கள் ஃப்ளாட் விலைக்கு இருக்கிறது. செட்டா நகர் முருகன் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு ஹால், ஒரு பெட்ரூம், கிச்சன். இதெல்லாம் நீங்கள் அனுப்பும் வாட்ஸ்அப் மெசேஜில் சரியாகவே இருக்கிறது. அதில் இல்லாத ஒரு விவரம்: மாமியார், கணவர், பத்தாவது படிக்கும் மகன், நான் என்று நாலு பேர் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறோம்.

வெளிநாடுகளில் வீடு காட்டும் நேரத்தில் விற்பவர் வெளியே போய்விடுவது வழக்கமாம். எங்களிடமும் ஒரு புரோக்கர், "மேடம், ஒரு மணி நேரம் எங்கேயாவது போயிட்டு வாங்களேன், பார்ட்டி ஃப்ரீயா பார்ப்பாங்க" என்றார். எங்கே போவது? மாமியாருக்கு முழங்கால் வலி. அவர் மூன்று மாடி இறங்கி மறுபடி ஏறுவதற்குள் நீங்கள் இன்னும் இரண்டு வீடு காட்டி முடித்திருப்பீர்கள். மும்பையில் ஒரு பெட்ரூம் வீட்டை விற்கிற யாருக்கும் இதே கதைதான். ஆகவே நாங்கள் வீட்டில்தான் இருப்போம். இருக்கப்போவது உறுதி என்றான பிறகு, இரண்டு தரப்பும் எப்படி நடந்துகொள்ளலாம் என்று பேசிவிடுவது நல்லது. அதிலும் எங்களை ஒரு தொந்தரவாக நினைக்காமல், அந்த வீட்டைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்த ஆட்களாக நினைத்து வந்தால், லாபம் உங்களுக்குத்தான்.

முதலில் நேரம். "கீழே நிக்கிறோம், வரலாமா?" என்பது அனுமதி கேட்பது ஆகாது. அந்த போன் வந்த நிமிஷத்தில் ஒரு வீட்டில் என்னென்ன நடக்கும் தெரியுமா? நைட்டியில் இருப்பவர் புடவைக்கு ஓட வேண்டும். மழைக்காலம் என்றால் ஹாலின் குறுக்கே கட்டிய கயிற்றில் நாலு பேர் துணியும் சொட்டிக்கொண்டிருக்கும், அதை வாரிச் சுருட்ட வேண்டும். மத்தியானம் கண் அயர்ந்த மாமியாரை எழுப்ப வேண்டும். இதற்குள் காலிங் பெல் அடித்துவிடும். முந்தின நாள் சாயங்காலமே சொல்லுங்கள், எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதையும் சேர்த்து. கணவன் மனைவி வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு மாமா, மைத்துனர், வாஸ்து பார்க்கிறவர் என்று ஏழு பேரோடு வந்தால், எங்கள் ஹாலில் நிற்கவும் இடமில்லை. அவர்களுக்கே வீடு சின்னதாகத் தெரியும், நஷ்டம் எங்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஹார்பர் லைன் ரயில் பாதையில் மெகா பிளாக், அதாவது பராமரிப்பு வேலைக்காக ரயிலை நிறுத்துவது, இருக்கிறதா என்பது முன்கூட்டியே அறிவிக்கப்படுகிற விஷயம். அதை மதியம் ஒரு மணிக்குத் தாமதத்துக்குக் காரணமாகச் சொல்லாதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் மகனுக்கு எஸ்.எஸ்.சி. பரீட்சை. அந்த நாட்களில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீடு காட்ட மாட்டோம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

செருப்பு பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "கழட்டணுமா?" என்று கிச்சன் வாசல் வரை வந்த பிறகு கேட்பதுதான் எனக்குப் புரிவதில்லை.

அப்புறம் அலமாரி. சுவரோடு கட்டிய அலமாரி வீட்டோடு வரும். தாராளமாகத் திறந்து பாருங்கள், கரையான் இருக்கிறதா என்று தட்டிக்கூடப் பாருங்கள். திறப்பதற்கு முன்னால் "பார்க்கலாமா?" என்று ஒரு வார்த்தை போதும், நான் உள்ளே இருக்கும் துணியை ஒதுக்கியே காட்டுகிறேன். இரும்பு பீரோ எங்களோடு வரப்போகிறது. அதன் கைப்பிடியைத் திருகிப் பார்க்க ஒரு காரணமும் இல்லை. ஃப்ரிட்ஜும் அப்படியே. ஒரு பார்ட்டியின் பையன் நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து, மாவுப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கி முகர்ந்து பார்த்தான். அப்பா அம்மா இருவரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். இட்லி மாவு புளித்த வாசனை அவனுக்குப் புதிதாக இருந்திருக்கும், அவனைக் குறை சொல்லவில்லை.

நீங்கள் சோதிக்க வேண்டியதையெல்லாம் சோதிக்காமல் போகிறீர்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. குழாயைத் திறக்கக் கூச்சப்படுகிறீர்கள். திறந்து விடுங்கள். ஃப்ளஷை இழுத்துப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து இரண்டு நிமிஷம் பேசாமல் நின்று, வெளியிலிருந்து எவ்வளவு சத்தம் வருகிறது என்று கேளுங்கள். இஞ்ச் டேப் கொண்டுவந்து அளந்து பாருங்கள். அளப்பவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, மரியாதைதான் வருகிறது. பழைய கட்டிடங்களின் பத்திரத்தில் சுவரைச் சேர்த்த பில்ட்-அப், பொது இடத்தையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் என்று ஏதாவது ஒரு கணக்கு இருக்கும். 2016-இல் வந்த ரேரா என்ற ரியல் எஸ்டேட் சட்டத்தில்தான் கார்பெட் ஏரியாவுக்கு, அதாவது உள்ளே புழங்கும் இடத்துக்கு, தெளிவான வரையறை கிடைத்தது: வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர் கணக்கில் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. நீங்கள் அளந்த கணக்கும் எங்கள் பத்திரத்துக் கணக்கும் இடித்தால் அங்கேயே கேளுங்கள். பத்திரத்தை எடுத்துக் காட்டுகிறேன்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். மத்தியானம் வந்து குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டியில் இருக்கும் தண்ணீர் கொட்டத்தான் செய்யும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இந்த ஊரில் முனிசிபாலிடி தண்ணீர் வருவது ஏரியாவுக்கு ஏரியா வேறு வேறு நேரத்தில், அதுவும் சில மணி நேரம் மட்டும். எத்தனை மணிக்கு வருகிறது, பிரஷர் எப்படி, மோட்டாரை யார் போடுகிறார்கள் என்று அந்த வீட்டில் பாத்திரம் கழுவுகிறவரிடம் கேளுங்கள். 2024 ஜூன் தொடக்கத்தில் ஏரிகளில் தண்ணீர் குறைந்து 10 சதவீதம் வெட்டினார்களே, அப்போது இந்த கட்டிடத்தில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். டேங்கர் வந்ததா, அதற்குச் செலவு யார் தலையில் விழுந்தது என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்கான பதிலிலேயே வந்துவிடும். புரோக்கருக்கு இது எதுவும் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார்.

இன்னொரு கேள்வி, மும்பையில் வீடு வாங்குகிற யாரும் விடக்கூடாதது: ஜூலையில் எந்தச் சுவர் நனைகிறது? தென்மேற்குப் பருவக்காற்றில் மழை சாய்வாக அடிக்கிற ஊர் இது, மேற்கும் தெற்கும் பார்த்த சுவர்கள் படாதபாடு படும். பிப்ரவரியில் வந்து சுவரைத் தடவிப் பார்த்தால் மொறமொறவென்றுதான் இருக்கும். எங்கள் வீட்டில் பெட்ரூம் ஜன்னலுக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்குப் பூஞ்சை பூக்கும். வெளிச்சுவரில் விரிசல். அதைச் சரி செய்ய வேண்டியது சொசைட்டி, அதாவது கட்டிடத்து வீட்டுக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம், நாங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல் இருக்கிறது, கேட்டால் காட்டுவேன். இதை நான் ஒரு பார்ட்டியிடம் சொல்ல ஆரம்பித்ததும் புரோக்கர் குறுக்கே பாய்ந்து, "அதெல்லாம் சின்ன விஷயம், பெயின்ட் அடிச்சா போயிடும்" என்றார். போகாது. வாங்கிய முதல் மழையிலேயே அவர்கள் அதைக் கண்டுபிடிப்பார்கள், திட்டு எங்களுக்கு வரும். விற்பவர் வாயைத் திறக்கும்போது மூடப் பார்க்கிற புரோக்கரைக் கண்டால், பார்ட்டிகள் கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது.

வீடியோ எடுப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கும் அண்ணனுக்குக் காட்ட வேண்டும், பாங்கில் வேலை பார்க்கும் மனைவியால் வர முடியவில்லை. நியாயம்தான். ஆனால் கேமராவைச் சுழற்றினால் அதில் சுவரும் ஜன்னலும் மட்டுமா விழும்? மகனின் ஸ்கூல் பேர் போட்ட நோட்டு, மாத்திரை அட்டைகள், பால் கணக்கு எழுதிய காலண்டர், கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருக்கும் மாமியார் எல்லாம் விழும். அப்படி ஒரு புரோக்கர் எடுத்த எங்கள் ஹாலின் வீடியோ, குரூப் குரூப்பாகச் சுற்றி, எங்கள் கட்டிடத்திலேயே முதல் மாடிக்காரர் போனுக்கு வந்து சேர்ந்தது. அவர் சிரித்தபடி கொண்டுவந்து காட்டினார். மாமியார் சிரிக்கவில்லை. எடுப்பதற்கு முன்னால் சொல்லுங்கள், ஐந்து நிமிஷத்தில் ஒதுக்கிக் கொடுக்கிறோம். இல்லாவிட்டால் நாங்களே எடுத்து வைத்திருக்கும் வீடியோவை அனுப்புகிறோம். சொசைட்டியில் நாங்கள் உறுப்பினர் என்று காட்டும் ஷேர் சர்டிபிகேட்டும் அப்படியே: முதல் தடவை வரும்போதே படித்துப் பார்க்கலாம், நகல் டோக்கன் அட்வான்ஸ் பேச்சு வரும்போதுதான்.

பாஷை ஒரு திரை என்று நினைக்காதீர்கள். நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு எந்தெந்த பாஷை புரியும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு தம்பதி பெட்ரூமில் நின்றுகொண்டு குஜராத்தியில், "கிழவி வீடு பூரா தைல நாத்தம், இதைச் சொல்லியே இரண்டு லட்சம் குறைக்கலாம்" என்று பேசிக்கொண்டார்கள். எதிர் ஃப்ளாட்டில் காலமெல்லாம் குஜராத்திக் குடும்பம்தான். மாமியார் கட்டிலில் இருந்தபடியே சுத்தமான குஜராத்தியில், அது முட்டிவலித் தைலம், உங்களுக்கும் வேண்டுமானால் கடை பேர் சொல்கிறேன் என்றார். அவர்கள் அப்புறம் பாத்ரூமைப் பார்க்கவே இல்லை.

விலை பேச்சை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த வீட்டை மாமனார் தன் பி.எஃப். பணத்தைப் போட்டு வாங்கினார். மாமியார் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நின்றுகொண்டு, "இந்த கிச்சன் மேடையை இடிச்சுடலாம், இந்த டைல்ஸ் எல்லாம் குப்பை" என்று திட்டம் போடுவதை, கீழே டீக்கடையில் போய்ப் போடலாமே. இடிப்பது உங்கள் உரிமை, டைல்ஸும் அப்படியொன்றும் அழகில்லை. அதற்கு இன்னும் பணம் கைமாறவில்லை என்பதுதான் விஷயம்.

புரோக்கர்களுக்கு இதில் தனியாக ஒன்று. "இவங்க கோயம்புத்தூருக்கே போறாங்க, அவசரம், அடிச்சுக் கேளுங்க" என்று மாடிப்படியில் நீங்கள் பார்ட்டியிடம் சொல்வது மூன்றாவது மாடி வரை கேட்கிறது. நீங்கள் எங்களிடமும் சதவீதம் வாங்குகிறீர்கள், அவர்களிடமும் வாங்குகிறீர்கள். இரண்டு பக்கமும் வாங்குகிறவர் ஒரு பக்கத்தின் சீட்டைத் திறந்து இன்னொரு பக்கத்துக்குக் காட்டுவது என்ன நியாயம்? ரேரா சட்டப்படி மகாராஷ்டிராவில் அமைந்த மகாரேரா அமைப்பு 2023-இல் ஏஜென்டுகளுக்குப் பயிற்சியும் பரீட்சையும் கட்டாயமாக்கியது. உங்களில் பலர் அந்தச் சான்றிதழை ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் பழைய வீடு கைமாறும் இடத்தில் அந்தச் சட்டத்தின் கை அவ்வளவு நீளாது. இங்கே நடப்பது உங்கள் யோக்கியதையை நம்பித்தான்.

"பில்டிங்கில் யார் யார் இருக்காங்க?" என்று கேட்கிறவர்களுக்கு நான் ஃப்ளாட் எண்ணிக்கையை மட்டும்தான் சொல்வேன். அது ஜாதியும் மதமும் விசாரிக்கிற கேள்வி என்று மும்பையில் எல்லோருக்கும் தெரியும். அதேபோல, "சவுத் இந்தியன் வீடு, சுத்தமா இருக்கும்" என்று சொல்லி எங்கள் வீட்டை விற்காதீர்கள். வீடு சுத்தமாக இருப்பதற்குக் காரணம் தினம் காலை எட்டு மணிக்கு வீட்டு வேலைக்கு வரும் மாவ்ஷி. அவர் ரத்னகிரிக்காரர்.

என்னைப் போல வீடு விற்கும் நம் ஜனங்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் நியாயமில்லை. வந்தவர்கள் பின்னாலேயே அறை அறையாக நடந்து, இங்கேதான் பையனுக்குப் பேர் வைத்தோம் என்று சரித்திரம் சொல்லாதீர்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள இடம் வேண்டும். ஒருவர் மட்டும் பதில் சொல்லுங்கள், அந்த ஒருவர் ஹாலிலேயே இருங்கள், டிவியை அணைத்துவிடுங்கள். ஊறிய சுவரை மறைக்கக் கட்டிலை நகர்த்திப் போடாதீர்கள், பார்க்கிறவர்கள் முதலில் அந்தக் கட்டிலைத்தான் சந்தேகப்படுவார்கள். கார் பார்க்கிங்கை உங்கள் சொத்து மாதிரி விலை பேசாதீர்கள், அது சொசைட்டி ஒதுக்குவது. வீடு பேர் மாறும்போது சொசைட்டிக்குக் கட்டும் டிரான்ஸ்ஃபர் பிரீமியம் மகாராஷ்டிராவில் அதிகபட்சம் 25,000 ரூபாய் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், வாங்குகிறவர் கேட்பார். அப்புறம் காபி. வந்தவர்களுக்கெல்லாம் ஃபில்டர் காபி கொடுத்தே ஆக வேண்டும் என்பது மாமியாரின் கட்டளை. வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், குடித்துவிட்டு விலை கேட்கவும் முடியாமல் அவர்கள் நெளிவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். காபி குடித்தவர்களில் ஒருவர்கூட இதுவரை திரும்பி வந்ததில்லை. தண்ணீர் போதும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கடைசியாக, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "யோசிச்சு சொல்றோம்" என்று பார்ட்டி போய்விடுகிறது, புரோக்கரும் போன் எடுப்பதில்லை, நாங்கள் அடுத்த பார்ட்டிக்கு நேரம் கொடுக்கலாமா கூடாதா என்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். விலை அதிகம், படி அதிகம், சமையலறை இருட்டு, எதுவாக இருந்தாலும் மறுநாளைக்குள் ஒரு வரி அனுப்புங்கள். யாரும் வருத்தப்பட மாட்டோம். படி அதிகம் என்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, விலை என்றால் பேசலாம்.

இப்படிக்கு,
செம்பூரில் வீடு விற்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்காரி