மாத்திரையை நிறுத்தவிடாதவர்களுக்கு

அன்புடையீர்,

கொரோனா காலம் முழுக்க என் பிரஷர் கட்டுக்குள் இருந்தது. அந்தப் பெருமையை நான் ஒருத்தியே எடுத்துக்கொள்ள முடியாது. உதவியவர்களில் பாதிப் பேருக்குத் தாம் உதவினோம் என்பதே தெரியாது. எங்காவது அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி என் டாக்டரம்மாவுக்கு. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அந்த மாதமே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்து சேர்ந்தது. லோசார்டன், டெல்மிசார்டன், ராமிபிரில், எனலாபிரில் என்ற பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கொரோனா வந்தால் ஆபத்து அதிகம், உடனே நிறுத்துங்கள் என்று. நான் சாப்பிடுவது டெல்மிசார்டன். கை கால் ஓடவில்லை. ஃபோன் செய்தேன்.

“வதந்திம்மா, நம்பாதீங்க” என்று சொல்லி அவர் வைத்துவிடவில்லை. இந்த வைரஸ் ஏசிஇ2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் நம் செல்லுக்குள் நுழைகிறது. விலங்குகளிடம் செய்த சில சோதனைகளில் இந்த மாத்திரைகள் அந்தப் புரதத்தைக் கூட்டுவதுபோலத் தெரிந்தது. சந்தேகம் அங்கிருந்துதான் கிளம்பியது என்று பொறுமையாகச் சொன்னார். “மனுஷங்ககிட்ட இதுக்கு ஆதாரம் இல்லை. ஆனா மாத்திரையை நிறுத்தினா பிரஷர் ஏறும்கிறது நல்லாத் தெரிஞ்ச விஷயம்” என்றார். ஐரோப்பிய இதயநோய் மருத்துவர்கள் மார்ச் 13 அன்றும், அமெரிக்க இதயநோய் அமைப்புகள் மார்ச் 17 அன்றும் ‘நிறுத்தாதீர்கள்’ என்றே சொல்லியிருப்பதையும் படித்துக் காட்டினார். பயந்தவளை முட்டாளாக்காமல் பேசினாரே, அதற்குத்தான் இந்த நன்றி.

அடுத்தது நான் பார்த்தே இராதவர்களுக்கு. பிரேசிலில், இலேசான அல்லது மிதமான கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்திருந்த 659 பேர் ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். எல்லோருமே இந்த வகை பிரஷர் மாத்திரை சாப்பிட்டு வந்தவர்கள். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு மாத்திரையை 30 நாள் நிறுத்தினார்கள். மறு பாதி வழக்கம்போலச் சாப்பிட்டது. நிறுத்தியதால் எந்தப் பலனும் தெரியவில்லை. 2020 செப்டம்பரில் முடிவு வெளியே வந்தது. 2021 ஜனவரியில் மருத்துவ இதழில் அச்சானது. வேறு சில நாடுகளில் 152 பேரை வைத்து நடந்த இன்னொரு சோதனையும் அதையேதான் சொன்னது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூச்சு எப்போது முட்டுமோ என்ற பயத்தோடு ஒருவர் படுத்திருக்கிறார். முகம் முழுக்க மூடிய யாரோ வந்து, “உங்கள் மாத்திரையைத் தொடர்வதா வேண்டாமா என்று குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறோம், சம்மதமா?” என்று கேட்கிறார். நானாக இருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேனா என்று சொல்லத் தெரியவில்லை. அவர்கள் போட்டார்கள். டாக்டரம்மா தைரியமாகச் சொன்னதற்கு ஆதாரம் கிடைத்தது அந்தக் கையெழுத்துகளால்தான். இந்த மடலில் பெரிய கும்பிடு அவர்களுக்கு.

வீடியோ காலில் பிபி மிஷினைக் கையாளச் சொல்லிக்கொடுத்த சிஸ்டருக்கு நன்றி. மிஷினின் பட்டையைச் சட்டைக் கைக்கு மேலே சுற்றக்கூடாது, தோலோடு ஒட்டவேண்டும். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல்கடை மேலே. முதுகு சாய்ந்திருக்கணும், பாதம் தரையில் பதியணும், கால்மேல் கால் கூடாது. கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகுதான் பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்திய பிறகும் பேசக்கூடாது. (என்னை அறிந்தவர்களுக்கு இதில் எது கஷ்டம் என்று தெரியும்.) ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை எடுத்து, இரண்டையும் நோட்டில் எழுதச் சொன்னார். வீட்டில் எடுக்கும்போது சராசரி 135/85-க்குக் கீழே இருக்கவேண்டும். மருத்துவமனையில் சொல்லும் 140/90 கணக்கு இங்கே செல்லாது என்று அவர் சொல்லித்தான் தெரியும். காலையிலும் மாலையிலும் எடுத்தால் போதும், செய்தி பார்த்துப் படபடக்கும்போதெல்லாம் மிஷினைத் தேடாதீங்க என்று கண்டிப்பாகவும் சொன்னார்.

மருந்துக் கடைத் தம்பி, உங்களுக்கு. வழக்கமான கம்பெனி மாத்திரை வராதபோது, மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றுதானா என்று அட்டையைத் திருப்பிக் காட்டி, டாக்டரிடமும் கேட்டுவிட்டுத்தான் மாற்று கொடுத்தீர்கள். உடம்பு வலிக்கு இபுபுரூஃபன் கேட்டபோது, “உங்களுக்குப் பிரஷர் இருக்கே” என்று பாராசிட்டமால் எடுத்து வைத்தீர்கள். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரையில் சோடியம் இருக்கும் என்பதெல்லாம் கல்லாவுக்கு எதிரே நின்று நான் படித்த பாடம்.

அப்புறம் எனக்கே கொரோனா வந்தது. காய்ச்சலோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ள, பிரஷர் ஏறுவதற்குப் பதிலாகச் சரசரவென்று இறங்கியது. நோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். நிறுத்தவே கூடாது என்று சொன்ன அதே டாக்டரம்மா, உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, டெல்மிசார்டனோடு சாப்பிடும் நீர் பிரிக்கும் மாத்திரையை மட்டும் தற்காலிகமாக நிறுத்துங்கள் என்றார். நன்றாகச் சாப்பிட்டுக் குடிக்க ஆரம்பித்ததும் அவரே திரும்பத் தொடங்கச் சொன்னார். அந்த நேரத்தில் வாசலில் மருந்தை வைத்துவிட்டு, மணியடித்துவிட்டுத் தள்ளிப்போய் நின்ற பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படி எல்லாருக்கும் ஆள் வாய்க்கவில்லை. 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் 155 நாடுகளில் விசாரித்தபோது, 53 சதவீத நாடுகளில் இரத்த அழுத்தச் சிகிச்சை ஓரளவோ முழுதாகவோ தடைப்பட்டிருந்தது. மருந்து கிடைக்காமல் எனக்கு ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை.

கடைசியாக, அந்த வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பிய என் பெரியப்பா மகனுக்கு. டாக்டரம்மா சொன்னதை அண்ணனிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ அதே குழுவில், “நான் போட்டது தப்பு, யாரும் மாத்திரையை நிறுத்தாதீங்க” என்று எழுதிவிட்டு, நிறுத்தியிருக்கக்கூடியவர்கள் யார் யார் என்று பார்த்து ஒவ்வொருவராக ஃபோனும் செய்தார். சித்தப்பா அதற்குள் நிறுத்தியிருந்தாராம். அன்று ராத்திரியே திரும்ப ஆரம்பித்துவிட்டார். அண்ணா, ரொம்ப நன்றி.

அன்புடன்,
இன்றும் டெல்மிசார்டன் சாப்பிடுகிற ஒருத்தி