சிலிண்டர் போரைத் திறப்பதற்கு முன்: புல்லட் வண்டியின் சூடு குறித்து அண்ணாச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் வரை புல்லட் மோட்டார் சைக்கிளில் போய்வந்த பிறகு நீங்கள் அனுப்பிய குரல் செய்தியைப் பொறுமையாக இரண்டு முறை கேட்டேன். தக்கலை நெரிசலில் முழங்கால் சுட்டது, ஓரிடத்தில் நின்றபோது ஐடிலிங் (ஆக்சிலேட்டரை விட்டபின் எஞ்சின் மெதுவாக ஓடுவது) தளர்ந்து வண்டி அணையப் பார்த்தது, திருவட்டாறு ஏற்றத்தில் பழைய இழுவை இல்லை, வீட்டில் நிறுத்திய பின் எஞ்சினுக்குள் வெகுநேரம் சத்தம் கேட்டது, எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாயான பெண்டு பைப் நீலம் பாய்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். காட்டிய ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் "போர் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்றார்கள் என்பதையும் சொன்னீர்கள். போர் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்துளை. அந்த வேலைக்கு நீங்கள் சம்மதிக்கும் முன் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பி, கொட்டகையில் கிடந்த வண்டியைத் தட்டி எடுக்கிறவர்கள் நம் மாவட்டத்தில் பலர் இருப்பதால், உங்களுக்குச் சொல்வதை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னவற்றில் பாதி நோயே அல்ல. பெட்ரோல் எரிந்து தரும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மீதி முழுவதும் சைலன்சர் வழியாகவும் எஞ்சினின் மேற்பரப்பு வழியாகவும் வெப்பமாக வெளியேறியாக வேண்டும். உங்கள் வண்டி வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய 350 சிசி வண்டி. அதில் தண்ணீர் சுற்றும் ரேடியேட்டரும் இல்லை, விசிறியும் இல்லை. ஓடும்போது சிலிண்டரைச் சுற்றித் தகடுகளாக நீண்டிருக்கும் துடுப்புகளில் மோதும் காற்றும் உள்ளே சுற்றிவரும் ஆயிலுமே அதற்குக் குளிர்ச்சி. தக்கலையில் பத்து நிமிடம் நின்றால் காற்று நின்றுவிடுகிறது, எரிவது நிற்பதில்லை; முழங்கால் சுடத்தான் செய்யும். அத்தனை ஆண்டுகள் ஏசி காரில் போன உடம்புக்கு அந்தச் சூடு இரட்டிப்பாகவும் தெரியும். நிறுத்திய பின் கேட்ட 'டிக் டிக்' சத்தம், பெண்டு பைப்பும் ஹெட்டும் (சிலிண்டரின் மேல்மூடி) சிலிண்டரும் வெவ்வேறு வேகத்தில் ஆறிச் சுருங்குவதால் வருவது. புது வண்டியிலும் அது உண்டு.

சிலிண்டர்மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்ததாகவும் அது 'சுர்' என்று ஆவியானதாகவும் சொன்னீர்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். நல்ல நிலையில் ஓடிவந்த எஞ்சினின் ஹெட் அதைவிடக் கூடுதல் சூட்டில்தான் இருக்கும், எனவே அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. ஆனால், தயவுசெய்து அதை இனிமேல் செய்யாதீர்கள் அண்ணாச்சி. கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் துடுப்பு உடையலாம், சிலிண்டரே விரிசல் விடலாம். அப்படி ஒரு விரிசல் விழுந்தால்தான் அந்த ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது உண்மையாகும்.

இனி, உங்கள் செய்தியில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த மூன்று விஷயங்களுக்கு வருகிறேன்: இழுவைக் குறைவு, ஐடிலிங் தளர்ந்தது, பெண்டு பைப்பின் நீலம். இவை மூன்றும் ஒரே வண்டியில் சேர்ந்து வந்தால் நான் போரைப் பார்ப்பதற்கு முன் டைமிங்கைத்தான், அதாவது பிளக்கில் ஸ்பார்க் விழும் நேரத்தைத்தான் பார்ப்பேன். போர் தேய்ந்த வண்டி முதலில் சைலன்சரில் நீலப் புகை காட்டும், ஆயில் குடிக்கும், கிக்கரை மிதித்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் எதிர்ப்பு) இல்லாமல் சுலபமாக இறங்கும். உங்களுக்குப் புகை இல்லை என்கிறீர்கள். அந்த அழுத்தத்தைத் திறந்துவிடும் டீகம்ப்ரஷன் லிவரைப் பிடிக்காமல் கிக்கர் இறங்குவதில்லை என்றும் சொன்னீர்கள். அப்படியானால் கம்ப்ரஷன் இருக்கிறது.

ஸ்பார்க் தாமதமாக விழுந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிய பிறகும் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் நேரத்தில்கூட நெருப்பு முழுவதும் அடங்கியிருக்காது. பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் வால்வையும் ஹெட்டையும் பெண்டு பைப்பையும் சுட்டுக்கொண்டு வெளியே போகும். இழுவை குறையும், குறைந்ததை ஈடுகட்ட நீங்கள் ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்குவீர்கள், சூடு இன்னும் ஏறும்.

தாமதம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கும் உங்கள் கொட்டகையே விடை சொல்கிறது. ரப்பர் ஷீட் அடிக்கும் இடத்தில், வருடத்துக்கு இரண்டு பருவமழையும் தொடும் ஊரில், இத்தனை காலம் ஓடாமல் நின்ற வண்டி அது. ஸ்பார்க்கின் நேரத்தை நிர்ணயிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் சிலிண்டருக்குப் பின்னால் இருக்கிறது. அதன் மூடியைக் கழற்றினால், பாயிண்ட் (திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் சிறு சுவிட்ச்) பொருத்திய தகட்டுக்குக் கீழே இரண்டு சிறிய எடைகளும் அவற்றை இழுத்துப் பிடிக்கும் மெல்லிய ஸ்பிரிங்குகளும் இருக்கும். எஞ்சின் வேகம் கூடும்போது அந்த எடைகள் வெளிப்புறமாக விரிந்து ஸ்பார்க்கை முன்கூட்டியே விழவைக்கும். ஈரத்தில் அவை துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால், நீங்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஸ்பார்க் முன்னே நகராமல் ஐடிலிங்குக்கு உரிய நேரத்திலேயே விழும். சோதிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். சாவியை அணைத்துவிட்டு, நடுவில் சுழன்று பாயிண்டைத் திறக்கும் கேமை அது சுழலும் திசையில் விரலால் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங்கின் விசையில் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் விட்ட இடத்திலேயே நின்றாலோ, திருப்பவே முடியாமல் இறுகியிருந்தாலோ, உங்கள் சூட்டின் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியே பாயிண்டையும் பாருங்கள். கேமில் உரசும் அதன் குதிப்பகுதி தேயத் தேய இடைவெளி குறையும், இடைவெளி குறைந்தால் டைமிங் மேலும் பின்தங்கும். முகம் கருகிக் குழிவிழுந்திருந்தால் பாயிண்டோடு, அது கருகாமல் காக்கும் கண்டன்சரையும் மாற்றிவிடலாம். எஞ்சின் இறக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது பொருட்டே அல்ல.

டைமிங் சரியாக இருந்து சூடும் தொடர்ந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது பெட்ரோலும் காற்றும் சேரும் கலவை. நீங்கள் ஊரைவிட்டுப் போன காலத்துப் பெட்ரோல் அல்ல இப்போது பங்கில் கிடைப்பது. 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். புது வண்டிகளில் சென்சார் இதைக் கணக்கிட்டுப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்கிறது. உங்கள் கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லாததால் அதே ஜெட்டில் (பெட்ரோல் பாயும் நுண்துளை) அதே அளவையே விடுகிறது, கலவையில் பெட்ரோல் குறைந்து, அதாவது கலவை மெலிந்து, சூடாகிறது. போதாக்குறைக்குப் பழைய பெட்ரோல் வற்றிப் பசையாகி ஜெட்டில் அடைத்திருக்கும். ஒரு ஓட்டத்துக்குப் பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: முனை காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் நலம், சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் கலவை மெலிவு. ஓடும்போது காற்றைக் குறைக்கும் சோக்கைச் சிறிது இழுத்தால் வண்டி சீராக இழுக்கிறதென்றாலும் அதே முடிவுதான். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, அதனுள் பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியின் கிளிப்பை ஒரு படி கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். அது போதாவிட்டால் அடுத்த அளவு மெயின் ஜெட் போடலாம். எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும் என்பதால் பெட்ரோல் டியூபைக் கேட்காமலே மாற்றிவிடுங்கள்.

ஆயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்த எஞ்சினில் ஆயில் தனி அறையில் இருக்கும். பல நாள் நின்றால் அது மெல்லக் கசிந்து, பிஸ்டனுக்குக் கீழே சுழலும் கிராங்க் இருக்கும் பகுதிக்குள் இறங்கிவிடும். காலையில் ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்து "ஆயில் குறைந்துவிட்டது" என்று மேலே ஊற்றாதீர்கள். ஐந்து நிமிடம் ஓட்டிவந்து, அணைத்து, அதன் பிறகு பாருங்கள். கொட்டகையில் நின்ற காலத்து ஆயிலை முழுவதும் வடித்துவிட்டு 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். ஹெட்டில் வால்வுகளைத் திறக்கும் ராக்கருக்குப் போகும் மெல்லிய ஆயில் பைப்பின் போல்ட்டை, எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது அரைச்சுற்று தளர்த்திப் பாருங்கள். ஆயில் ஊறி வெளியே வர வேண்டும். வரவில்லை என்றால் எஞ்சினை அந்த நொடியே அணைத்துவிட்டு என்னை அழையுங்கள், ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம்.

மற்றவை சிறியவை. துடுப்புகளுக்கிடையே குளவிக்கூடும் ரப்பர்ப்பாலும் மண்ணும் காய்ந்திருந்தால் காற்று புகாது, சுரண்டி எடுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். டிரம் பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தால் எஞ்சின் நாள் முழுவதும் பிரேக்கை எதிர்த்தே வேலை செய்யும். சூட்டைவிட எனக்கு அதிக அச்சம் தருவது உங்கள் டயர்கள்தான், அண்ணாச்சி. பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நீங்கள் விமானம் ஏறிய ஆண்டு அதில் இருந்தால் ஓரத்துக் கோடுகள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

எல்லாம் சரிசெய்த பிறகு சோதித்துப் பார்க்க ஆரல்வாய்மொழிச் சாலைக்குப் போகலாம் என்றீர்கள். ஆடி மாதம் வரை காத்திருந்து போனால் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். அந்தக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும், முப்பந்தல் காற்றாலைகள் சுழல்வதும் அதில்தான். நாகர்கோவிலிலிருந்து போகும்போது காற்று முதுகில் இருக்கும். வண்டி சுகமாகப் போவது போலத் தெரிந்தாலும், உங்களோடு சேர்ந்தே காற்றும் ஓடுவதால் துடுப்புகளில் மோதுவது குறைவு. திரும்பி வரும்போது எதிர்க்காற்றில் எஞ்சின் கூடுதலாக உழைக்கும், ஆனால் குளிர்ச்சியும் நன்றாகக் கிடைக்கும். எனவே போகும் சூட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்த் திரும்பி, இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஏற்றத்தில் எஞ்சினுக்குள் கோலிக்குண்டு குலுங்குவது போன்ற சத்தம் வந்தாலோ, வேகம் தானாகவே இறங்கினாலோ, ஆயில் கருகும் வாடை வந்தாலோ அதுதான் உண்மையான அதிகச் சூடு. உடனே கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டி, நிழலில் அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு இப்போதைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் குலசேகரம் வருகிறேன். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜும் புது பாயிண்ட் செட்டும் என்னிடம் இருக்கின்றன. எஞ்சின் நன்றாக ஆறியிருந்தால்தான் டேப்பட்டை (வால்வை இயக்கும் பாகங்களுக்கிடையே உள்ள தளர்வை) பார்க்க முடியும். ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ் ராடு விரலில் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஆகவே அன்று காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே வைத்திருங்கள்.

அன்புடன்,
தம்பி