கறுப்பு மாவு

திண்டுக்கல்
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசிவரை படிப்பாய் என்று உன் பழைய பரீட்சை அட்டையை மடியில் வைத்து எழுதுகிறேன்.

அந்த டயரை மாற்றிவிட்டாயா?

தொப்பூர் ஏற்றத்தில் பஞ்சர், ஒட்டிவிட்டோம், ஒன்றுமில்லை என்று ஓசூர் போய்ச் சேர்ந்த இரவு சொன்னாய். நானும் விட்டுவிட்டேன். மறுநாள் பாப்பா பேசினாள். "தாத்தா, டயரைக் கழற்றியதும் உள்ளேயிருந்து கறுப்பு மாவு கொட்டியது. நோட்டில் ரப்பரால் அழித்தால் வருமே, அந்த மாதிரி, ஆனால் நிறைய" என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

அது என்ன மாவு என்று உனக்குத் தெரியாதா? காற்று இறங்கிய டயரோடு வண்டி ஓடினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கி அரைபடும். அந்தச் சூட்டில் உள்பக்க ரப்பர் பொடியாக உதிரும். ரப்பருக்குள் இருக்கும் நூல் கட்டு விட்டுப்போகும். வெளியே பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருக்கும். காற்று அடித்தால் நிற்கவும் செய்யும். பிறகு ஒரு நாள், நல்ல வெயிலில், நல்ல வேகத்தில் போகும்போது வெடிக்கும். ஆணி குத்திய ஓட்டையை அடைக்கலாம். மாவு கொட்டிய டயருக்கு வைத்தியமே கிடையாது. எவ்வளவு தூரம் அப்படியே ஓட்டினாய்? லாரிகளுக்கு நடுவே அந்த ஏற்றத்தில் நிறுத்த இடம் இருந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அதே டயரை ஒட்டி மாட்டிக்கொண்டு, பாப்பாவைப் பின்னால் உட்கார வைத்துப் போவதா?

ஒட்டுப் போடக் கூடாது என்று சொல்பவன் இல்லை நான். 27 வருடம் டாக்ஸி ஓட்டியவன். ஆணி தரையில் படும் பகுதியில், ஓரத்துக்கு வராமல் குத்தியிருந்து, ஓட்டை 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் தாராளமாக ஒட்டலாம். அதிலும் வெளியிலிருந்து ஓட்டைக்குள் ரப்பர் திரியைச் சொருகுவது வீடு வந்து சேர்வதற்கு மட்டும்தான். டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்பக்கம் முழுக்கக் கையால் தடவிப் பார்த்து, உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச், அதாவது காளான் வடிவ ஒட்டு, வைக்க வேண்டும். பக்கச் சுவர் அடிபட்டால் ஒட்டு என்ற பேச்சே இல்லை. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் அந்த இடம் வளைந்து நிமிர்கிறது. அங்கே எந்த ஒட்டும் தங்காது.

சித்திரைக்கு நீங்கள் வந்திருந்தபோதே எனக்கு உறுத்தியது. எல்லோரும் தூங்கிய பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பின்பக்கம் இடது டயர். தரையில் படும் ரப்பர்க் கட்டைகளான பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சிறு மேடு இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் தேய்ந்து அதற்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று கணக்கு. உன் டயரில் நகம்கூட நுழையவில்லை. தயாரித்த தேதியைப் பார்க்கலாம் என்றால் அந்த எண் உள்பக்கம் திரும்பியிருந்தது. குனிய முதுகு இடம் கொடுக்கவில்லை. நீள்வட்டத்துக்குள் 4 எண் இருக்கும். முதல் 2 வாரம், அடுத்த 2 ஆண்டு. 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நீ பார்.

காலையில் சொல்லியிருக்க வேண்டும். மருமகள் எதிரில் சொல்ல மனம் வரவில்லை.

நம் தெருவில் சொந்தச் சம்பளத்தில் கார் வாங்கி வந்து நிறுத்திய முதல் பிள்ளை நீ. அன்று நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். ஏழு வயதில் ஜாக்கி வைக்கக் கற்றவன். உன்னிடம் போய் டயரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறதே என்று கோபம்தான் வருகிறது. நீ கஞ்சனும் இல்லை. எனக்கு மூக்குக் கண்ணாடி வாங்கியபோது விலையையே கேட்காதவன்.

பாப்பா இன்னொன்றும் சொன்னாள். இப்போதெல்லாம் தினமும் மூன்றரை மணிக்கு அப்பாதான் பள்ளிக்கு வந்து கூட்டிப் போகிறார் என்று. குழந்தைக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

தம்பி, 1996-இல் ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் நடந்தது ஆணியால் இல்லை.

உங்கள் எல்லோரிடமும் ஆணி என்றுதான் சொன்னேன். அதற்குப் பத்து நாள் முன்பே கல்லில் ஏறி முன்டயரின் பக்கச் சுவர் கிழிந்திருந்தது. உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து, டியூபைப் போட்டு மூடினேன். ஊருக்குள் மட்டும் ஓட்டுங்கள் என்று பஞ்சர் கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். அப்போது எனக்கு மூன்று மாதமாகச் சவாரி இல்லை. வண்டித் தவணை நின்றிருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. காலையில் குளித்து, சட்டை மாட்டிக் கிளம்பி, பஸ் நிலையத்துக்குப் பின்னால் அம்பாசிடரை நிறுத்தி உட்கார்ந்திருப்பேன். இருட்டிய பிறகு வீட்டுக்கு வருவேன். தங்கைக்கு முடியிறக்கப் பழனிக்குப் போகலாம் என்று அம்மா சொன்னபோது, டயர் சரியில்லை என்றால் பணம் இல்லை என்பதும் வெளியே வந்துவிடுமே என்று வண்டியை எடுத்தேன். மாமாவிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே வாங்கிக் கொடுத்திருப்பார். வாய் வரவில்லை. அந்தப் புளியமரம் உனக்கு நினைவிருக்கும்.

அம்மாவிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. இதோ, நான் எழுதிக்கொண்டிருக்கும்போது முக்காலியில் ஏறி நின்று, வலது கையால் கொடியிலிருந்து துணி எடுக்கிறாள். இடது கை தோளுக்கு மேல் போவதில்லை.

சீட்டுப் பணம் இந்த மாதம் வந்தது. உன் கணக்கில் போட்டிருக்கிறேன். திருப்பித் தருவது பற்றி இப்போது பேச வேண்டாம். ஒரு டயர் மட்டும் வாங்காதே, பின்பக்கம் இரண்டையும் மாற்று. மிச்சப் பணம் வீட்டுச் செலவுக்கு இருக்கட்டும். கடையில் மாட்டுவதற்கு முன்பே தேதியைப் பார். ஸ்டெப்னியிலும் காற்று பார். மாட்டிய பிறகு அந்த 4 எண்ணையும் எனக்குப் படித்துச் சொல்ல வேண்டும்.

நாளை மூன்றரைக்கு மேல் கூப்பிடுகிறேன். அப்போது நீ வீட்டில்தான் இருப்பாய்.

அன்புடன்,
அப்பா