கண்மாய்க்குள் எறிந்த பந்து

மேலூர்,
தை 25.

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ கொடுத்தனுப்பிய பொட்டலத்தை உன் மகன் பொங்கலுக்கு முந்தின நாள் கொண்டுவந்து சேர்த்தான். மூன்று நாள் தங்கி, பாலமேட்டில் மாடு பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினான். சோற்றைப் பிசைகிற விதத்தில் பிள்ளை அப்படியே உன் அப்பா. உடனே உனக்கு எழுதியிருக்க வேண்டும். ஆனால் அதில் இருந்த பந்து, எதிரொலியை வைத்து மீனையும் ஆழத்தையும் காட்டுகிற அந்தக் கருவி, மூன்று வாரமாக என்னைக் கண்மாய்க்கரையிலேயே கட்டிப்போட்டுவிட்டது. சொல்ல நிறைய இருக்கிறது, பொறுமையாகப் படி.

மின்னசோட்டாவில் உங்கள் ஏரி உறைந்து, அதன்மேல் காரே ஓட்டிப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். இங்கே இந்த வருடம் ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றவில்லை. பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரும் சேர்ந்து நம் கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கு தாண்டிப் போனது. மார்கழி முழுக்க அந்தச் சத்தம் ஊருக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

பந்து சாத்துக்குடி அளவுதான். தூண்டில் நரம்பில் கட்டி எறிந்தால், தண்ணீர் பட்டவுடன் தானே விழித்துக்கொள்கிறது. இணையம் தேவையில்லை; தன்னுடைய வைஃபை அலையிலேயே என் செல்போனோடு பேசுகிறது. இயக்குகிற விதத்தைத் தம்பி மகன் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்தான். அதன் உள் வேலையை நானே உட்கார்ந்து படித்தேன். இத்தனை வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எதிரொலி நடத்தியவன் அல்லவா, படிக்காமல் தூக்கம் வரவில்லை.

காற்றில் விநாடிக்கு 340 மீட்டர் போகிற ஒலி, தண்ணீரில் ஏறக்குறைய 1500 மீட்டர் போகிறது. பத்து மீட்டர் ஆழத்துத் தரையைத் தொட்டுத் திரும்ப ஒரு விநாடியில் எழுபத்தைந்தில் ஒரு பங்கு போதும். உள்ளே இருக்கும் பீங்கான் வில்லைக்கு மின்சாரம் கொடுத்தால் அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. திரும்பி வரும் ஒலி பட்டால் அதே வில்லை மின்சாரம் தருகிறது. வாயும் அதுதான், காதும் அதுதான். மீனின் சதை ஏறக்குறைய தண்ணீரைப் போன்றது. ஒலி பெரும்பாலும் அதற்குள் புகுந்து போய்விடும். மீனைக் காட்டிக்கொடுப்பது வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை. உன் அம்மா முற்றத்தில் சாம்பல் தொட்டுக் கெண்டை கழுவும்போது ஒரு வெள்ளைப் பையை நமக்கென்று தனியாக எடுத்து வைப்பார்களே, அதேதான். யார் முதலில் மிதித்து வெடிப்பது என்று நாம் சண்டை போட்ட அந்தப் பையைத்தான் உலகம் முழுக்க இத்தனை கருவிகள் தேடிக்கொண்டிருக்கின்றன.

1948-இல் ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் மீன்காட்டும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மீன்கூட்டம் இருக்கிற இடத்தில் குமிழி எழும் என்று ஒரு படகுக்காரர் சொன்னதுதான் அதற்கு வித்து என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் கலுங்கடியில் தூண்டில் போடும் தாத்தா இன்றைக்கும் குமிழியைப் பார்த்துத்தான் மீன் சொல்கிறார். பொடிக்குமிழி வரிசையாக நகர்ந்தால் கெண்டை மேய்கிறது, ஒரே இடத்தில் பெரிதாக வந்தால் சேற்றுக்காற்று.

முதல் நாள் மடைக்குப் பக்கத்தில் எறிந்தேன். திரை முழுக்க மீன் படம். தாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "அது மீன் இல்லை தம்பி, கொடிப்பாசி" என்றார். இறங்கிப் பார்த்தால் கொடிப்பாசிதான். பாசி, சேற்றுக்காற்று, மிதக்கும் குச்சி எல்லாவற்றுக்கும் கருவி மீன் பொம்மை போட்டுவிடுகிறது. அன்றே அந்தப் பொம்மைகளை நிறுத்திவிட்டு எதிரொலியை அப்படியே பார்க்கப் பழகினேன். நீயும் அப்படித்தான் பார்க்கிறாயா?

உண்மையைச் சொன்னால் நம் கண்மாயில் மீன் பிடிக்க இது அவ்வளவு உதவாது. ஒலி கூம்பு போல விரிந்து இறங்குகிறது. இருபது பாகைக் கூம்பு என்றால் பத்தடி ஆழத்தில் மூன்றரை அடி வட்டம்தான் தெரியும். ஐந்தடியில் ஒன்றே முக்கால் அடி. வைகை அணை போல 71 அடி நிற்கிற இடத்தில் அதற்கு வேலை இருக்கும். இங்கே விரால் பாசிக்குள் கிடக்கிறது. கெளுத்தி தரையோடு ஒட்டிக் கிடப்பதால் அதன் எதிரொலி தரையின் எதிரொலியில் கரைந்துபோகிறது. அயிரையை எந்தக் கருவியும் காட்டப்போவதில்லை.

ஆனால் மாப்பிள்ளை, மீனைத் தேடி எறிந்த இடத்தில் அது எனக்கு வேறொன்றைக் காட்டிவிட்டது.

மடைக்கு நேரே உள்ள பள்ளம் நினைவிருக்கிறதா? ஆனை முங்கும் என்று பெரியவர்கள் மிரட்டி வைத்திருந்த இடம். நீ ஒரு தடவை முங்கி, மண் எடுக்க முடியாமல் கண் சிவந்து மேலே வந்தாய். கண்மாய் நிறைந்து நிற்கிற இந்தத் தை மாதத்தில் அந்த இடத்தின் ஆழம் ஐந்தடி எட்டு அங்குலம். நான் ஐந்தடி ஆறு. பந்து பழுது என்று நினைத்து மறுபடி எறிந்தேன், கயிற்றில் கல் கட்டி இறக்கியும் பார்த்தேன். அதே கணக்குதான். கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மீன் குத்தகைதாரரிடம் கேட்டு அவருடைய தெர்மாகோல் தெப்பத்தை வாங்கிக்கொண்டேன். தம்பி மகன் துழாவினான். பதினான்கு அடி மூங்கில் கழி ஒன்றும் கொண்டுபோனோம். ஏனென்றால் பந்தின் ஒலி இளஞ்சேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது, சேறு எவ்வளவு கனம் என்று அதற்குத் தெரியாது. கெட்டித்தரை என்றால் திரையில் அடர்த்தியான கோடும், அதற்குக் கீழே இரண்டாவது எதிரொலிக் கோடும் விழுகின்றன. சேறு என்றால் மங்கலான ஒரே கோடு. அப்படி மங்கலாகத் தெரிந்த இடத்தில் கழியை ஊன்றினோம். மடைப்பள்ளத்தில் அது வெண்ணெயில் இறங்குவது போல இறங்கி, நாலரை அடிக்குக் கீழே பழைய தரையில் டொக்கென்று முட்டியது. கூட்டிப் பார், பத்தடிக்கு மேல் வருகிறது. பெரியவர்கள் சொன்னது பொய் இல்லை. அந்தப் பத்தடியில் ஏறக்குறையப் பாதியை வண்டல் தின்றுவிட்டது.

பக்கத்தில் நிற்கிற குமிழித்தூம்பின், அதாவது கண்மாய்க்குள் கட்டிய பழைய கல்மடையின், இரண்டு கல்தூண்களும் பாதிக்கு மேல் புதைந்துவிட்டன. அந்தத் தூம்பில் மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளைகள் என்று வைத்தார்கள். மடை திறந்தால் தண்ணீரோடு சேறும் கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்குப் போய்விடும். வண்டல் சேரும் என்று தெரிந்தே கட்டியவர்கள் அவர்கள். சிமெண்ட் மடை வந்த பிறகு அதை யாரும் திறக்கவில்லை. இன்றைக்குச் சேறோடித் துளைகளே சேற்றுக்குள் கிடக்கின்றன.

கலுங்கு தாண்டினால் கண்மாய் நிறைந்தது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அதில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மண் என்று யாரும் பார்த்ததில்லை. நம் சின்ன வயதில் சித்திரை வரை மாடு குளிப்பாட்டிய கண்மாய் இப்போது பங்குனியிலேயே வெடிப்பு விடுகிறது. மழையைத் திட்டினோம், கால்வாயைத் திட்டினோம். விவசாயத்துக்கு வண்டல் அள்ள அரசு இலவசமாகவே அனுமதி தருகிறது. ஆனால் அள்ளுகிறவர்கள் டிராக்டர் இறங்க வசதியான மேற்கு ஓரத்தில் அள்ளுகிறார்கள். அங்கே மடையின் அடிமட்டத்துக்கும் கீழே குழி விழுந்துவிட்டது. அதில் தேங்குகிற தண்ணீர் ஒருநாளும் மடைக்கு ஏறாது. அள்ள வேண்டியது கிழக்கே, மடை முகத்தில்.

இதுவரை 62 இடங்களில் அளந்திருக்கிறேன். பந்தின் ஆழம், கழியின் ஆழம் இரண்டும் நோட்டில் இருக்கின்றன. செல்போனில் இடக்குறியும் பதிவாகியிருக்கிறது. தெற்கு மூலை மட்டும் பாக்கி. அங்கே முங்கிக் கிடக்கும் சீமைக்கருவேல அடிக்கட்டையில் நரம்பு சுற்றிக்கொண்டு பந்து போயே போய்விட்டது என்று பதறினேன். பையன் குதித்து எடுத்து வந்தான்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். படகில் புதிதாக மாட்டிய, எதிரொலியை உடனுக்குடன் படமாகக் காட்டும் நேரலைச் சோனாரில் மீன் உன் தூண்டிலை நோக்கி வருவதும், முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவதும் சினிமா போலத் தெரிகிறது, இது நியாயமா என்று கேட்டிருந்தாய். அங்கே பாஸ் மீன் போட்டி நடத்துகிறவர்களில் சிலர் கட்டுப்பாடு விதித்துவிட்டதாக நானும் படித்தேன். கருவியில் பாவம் இல்லை என்பது என் எண்ணம். எனக்கு உறுத்துவது வேறு. முன்பெல்லாம் கண்ணுக்குத் தப்பி நடு ஏரியில் ஆழத்தில் நின்ற மீனைக்கூட இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்க முடிகிறது. முப்பது அடிக்குக் கீழிருந்து வேகமாக மேலே இழுத்தால், அழுத்தம் குறைந்து அந்தக் காற்றுப்பை ஊதிவிடும். உங்கள் வால்ஐ மீனுக்கு அதைச் சட்டென்று சுருக்கிக்கொள்ளத் தெரியாது. திருப்பி விட்டாலும் பிழைப்பது சந்தேகம். ஆகவே பிடித்துவிட்டு விடுகிற பழக்கம் உனக்கு இருந்தால், அந்த ஆழத்தில் தூண்டில் இறக்காதே. சமைக்கத்தான் என்றால் தேவையானதோடு நிறுத்து. லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய கருவி ஆழத்தையும் காட்டுகிறது அல்லவா, அதைப் பார்த்து நீயே முடிவு செய்துகொள்ளலாம்.

இனி எனக்கு ஓர் உதவி. சாலைக்கும் பாலத்துக்கும் வரைபடம் போட்ட கை உன்னுடையது. என் அளவுகளை எல்லாம் இந்த வாரமே அனுப்புகிறேன். அடிக்கு ஒரு கோடு வீதம் சமஉயரக் கோடு போட்டு, தண்ணீர் ஒரு படம், வண்டல் ஒரு படம் என இரண்டு வரைந்து கொடு. மடையின் அடிமட்டக் கோட்டை மட்டும் சிவப்பில் போடு. குலதெய்வக் கும்பிடான மாசிக் களரிக்கு ஊர் கூடும்போது சாவடிச் சுவரில் ஒட்ட வேண்டும். மடை முகத்தில் வண்டல் அள்ளக் கேட்டுக் கொடுக்கிற மனுவோடு இணைக்க இன்னொரு பிரதி வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், தாத்தாவுக்குக் கண் மங்கல்.

கண்மாய் வற்றிய பிறகு, வைகாசி வாக்கில் வெள்ளைத் துணி வீசி மீன்பிடித் திருவிழாவைத் தொடங்கி வைப்பார்கள். மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற உன் ஊத்தாக்கூடை இன்னும் எங்கள் பரணில்தான் கிடக்கிறது. அடி வளையம் மட்டும் விட்டிருந்தது, கட்டக் கொடுத்திருக்கிறேன். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். தண்ணீர் இல்லாத கண்மாயில் நீயும் நானும் இறங்கி, அந்த 62 இடத்தையும் ஒருமுறை காலால் அளந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் கலுங்குத் தோழன்