உயரம், எடை அறிக்கை குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற வாரம் நம் பள்ளியில் எடுக்கப்பட்ட உயரம், எடை விவரங்கள் ஒட்டிய உறையில் இக்கடிதத்துடன் வருகின்றன. எடை பார்க்கும் கருவியில் ஏறுவதற்கு முன் பெல்ட்டையும் அடையாள அட்டையையும் கழற்றி வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்ற சில பிள்ளைகளைப் பார்த்ததால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உடற்பருமன் ஒரு நாள்பட்ட நோய். உலக சுகாதார நிறுவனம் அதை அப்படித்தான் கருதுகிறது. அமெரிக்க மருத்துவச் சங்கமும் 2013-இல் அவ்வாறே அறிவித்தது. பசியையும் நிறைவையும் ஆள்வது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி. வயிறு நிறைந்த உணர்வைத் தூண்டும் லெப்டின் என்னும் ஹார்மோன் கொழுப்புத் திசுவில் சுரக்கிறது என்பது 1994-இல் கண்டறியப்பட்டது. பருமனாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது குறைவாக இல்லை, மிகுதியாகவே இருக்கிறது. மூளைதான் அதற்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. பட்டினி போட்டு எடையைக் குறைத்தாலோ, உடல் தன் செலவைச் சுருக்கி, பசியைக் கூட்டி, இழந்ததை மீட்கவே பார்க்கும். எனவே இராச் சாப்பாட்டை நிறுத்தும் தண்டனை வேண்டாம். "குண்டு" என்று உறவினர் முன் கேலி பேசுவதும் வேண்டாம்.

பரம்பரைக்கு இதில் பெரும் பங்குண்டு. தைராய்டு குறைபாடு, நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து ஆகியவை அரிதான காரணங்கள். தூக்கக் குறைவை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை: 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைக்கு 9 மணி நேரமாவது தூக்கம் தேவை; டியூஷன் முடிந்து ஒன்பது மணிக்கு வீடு திரும்பி, கைப்பேசியுடன் படுக்கும் பிள்ளைக்கு அது எப்படிக் கிடைக்கும்? நம் ஊர்த் தட்டுவடை செட்டை நான் குறைசொல்ல மாட்டேன். பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போட்ட அதை எப்போதாவது தின்பதைவிட, நாள்தோறும் பையில் வரும் சிப்ஸ் பொட்டலமும் இனிப்புக் குளிர்பானமுமே எனக்குக் கவலை தருகின்றன. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாதென்பது 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி. உடற்கல்வி வேளையை எந்தத் தேர்வுக்காகவும் வேறு பாடத்துக்கு இனி விட்டுக்கொடுக்க மாட்டோம்.

உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ கணக்கில், பெரியவர்களுக்கான அளவைக் கொண்டு பிள்ளைகளை மதிப்பிடாதீர்கள். வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய வளர்ச்சி அட்டவணையே அவர்களுக்குப் பொருந்தும். பிடரியில் தோல் கறுத்துத் தடித்திருந்தால், அழுக்கென்று எண்ணிப் பீர்க்கங்காய் நாரால் தேய்க்க வேண்டாம். இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அறிகுறியாக அது இருக்கலாம். அத்தகைய பிள்ளைகளைக் குழந்தை நல மருத்துவரிடமோ, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டுங்கள்.

உறைக்குள் உள்ள சீட்டில் கையொப்பமிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் ஒட்டிய உறையிலேயே வகுப்பாசிரியரிடம் திருப்பி அனுப்பவும். தனியே பேச விரும்புவோர் சனிக்கிழமை காலை என் அறைக்கு வரலாம். அன்று பிள்ளையை உடன் அழைத்து வரத் தேவையில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
சேலம்