நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்தின் வரலாற்றைப் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற அனல்மின் நிலையத் தொழிலாளியின் மகள்,
நெய்வேலி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கடலூர் மாவட்டம்.

பொருள்: முதல் அனல்மின் நிலையத்தில் உழைத்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யவும், கடலூர் அரசு அருங்காட்சியகத்தில் அதற்கென ஓர் இடம் ஒதுக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கருந்துகள் வந்தது. எங்கள் ஊரின் கதை அங்கே தொடங்குகிறது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. மறு ஆண்டே சோவியத் நாட்டு உதவியுடன் அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் மின் உற்பத்தி அலகு ஓடத் தொடங்கியது. 1970இல் ஒன்பது அலகுகளாகி, மொத்தத் திறன் 600 மெகாவாட்டை எட்டியது.

இந்த ஆண்டுகளும் எண்களும் எங்கும் கிடைக்கும். உழைத்தவர்களின் கைப்பக்குவம்தான் எழுத்தில் இல்லை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். என் அப்பா பாய்லரின் பார்வைத் துளை வழியே தீயின் நிறத்தைப் பார்த்தே, "இன்னைக்கு கரி ஈரம் கூட" என்று சொல்லிவிடுவாராம். மீட்டர்களில் இருந்த ரஷ்ய எழுத்துகளுக்குப் பக்கத்தில் பெயிண்ட்டால் தமிழில் எழுதி வைத்து வேலை பழகியதாகவும் சொல்வார். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் சட்டைக் காலரின் மடிப்பில் பழுப்புத் தூள் படிந்திருக்கும். அம்மா அதைத் தனியாகத்தான் துவைப்பார். சுரங்கத்தில் இருந்தவர்களுக்கு வேறு போராட்டம். நிலக்கரிப் படுகைக்கு அடியில் நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்பதால், அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் வெட்ட முடியும். அந்த பம்புகளைக் காத்தவர்களை யார் கேட்டார்கள்?

2020 செப்டம்பரில் அந்த நிலையத்தின் கடைசி அலகும் நின்றது. 1962இல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். எங்கள் வட்டத்திலேயே சென்ற ஆண்டு இரண்டு பேரை இழந்தோம்.

ஆகவே, ஓய்வு பெற்ற தொழிலாளர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் பெயர்ந்த குடும்பங்கள் ஆகியோரின் பேச்சை ஒலி, ஒளிப்பதிவு செய்ய ஒரு குழு அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நிலம் கொடுத்தவர்களை விட்டுவிட்டு எழுதினால் அது பாதி வரலாறுதான். பழைய கட்டுப்பாட்டுப் பலகைகள், மீட்டர்கள், ஷிப்ட் பதிவேடுகள் எவை மிச்சமிருக்கின்றனவோ அவற்றை நிர்வாகத்திடம் கேட்டுப் பெற்று, கடலூர் அருங்காட்சியகத்தில் வைக்கவும் ஆவன செய்ய வேண்டுகிறேன். அப்பாவின் பணி அடையாள அட்டையையும், சக ஊழியர்களோடு பாய்லர் முன் எடுத்துக்கொண்ட புகைப்படத்தையும் கொடுக்க நாங்கள் தயார்.

அப்பாவுக்கு இப்போது 84 வயது. காலை வேளையில் நினைவு தெளிவாக இருக்கிறது. பதிவு செய்ய வருபவர்களைக் காலையில் அனுப்பி வைத்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)